ஒரு காது ஊசிக்கு, ஒரு காது கேற்றுக்கு

1

இந்த ஜனவரி முதலாம் திகதி எனக்கு ஐம்பது வயது முடிந்துவிட்டதாக நொர்வே அரசாங்கம் அறிவித்தது. நான் மறுக்கவில்லை. உண்மையில் நான் பிறந்தது ஓகஸ்ட் மாதம், கண்டியில், பெரஹரா ஊர்வல நாட்களில். மேளச் சத்தத்தில் திடுக்கிட்டுத்தான் வெளியே வந்தேன் என்று அம்மா சொல்வார். அன்று தொடங்கிய திடுக்கீடு இன்னும் முற்றாக நிற்கவில்லை.

ஓகஸ்ட் எப்படி ஜனவரி ஆனது என்று கேட்பீர்கள். நான் பேர்கன் நகரத்துக்கு வந்த புதிதில் ஓர் அதிகாரி பிறப்புச் சான்றிதழ் கேட்டார். எரிந்துவிட்டது என்றேன். "எரிகிற வீட்டிலிருந்து ஒன்றுமே காப்பாற்றவில்லையா?" என்றார். "காப்பாற்றினோம் ஐயா, பெட்டி மாறிவிட்டது" என்றேன். என் நொர்வேஜிய மொழி அப்போது மூன்று மாதக் குழந்தை. அவர் என்ன விளங்கிக்கொண்டாரோ தெரியாது, பேனையை எடுத்து ஜனவரி ஒன்று என்று எழுதினார். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் அந்தத் திகதியில் பிறந்தவர்களுக்கு ஒரு மேசை நிறைய ஆட்கள் உண்டு. இலங்கையில் புதுவருடத்தன்று மட்டும்தான் பிள்ளை பெறுவார்கள் என்று இந்த நாட்டில் யாராவது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருந்தால் அதற்கு நாங்களும் பொறுப்பு.

ஐம்பதுக்குப் பரிசாக என் மகள் அபி ஒரு யோசனை சொன்னாள். அவள் பிறந்தது இங்கே. கோபம் நொர்வேஜிய மொழியிலும் கெஞ்சல் தமிழிலும் வரும்.

"அப்பா, நல்ல டிஜிட்டல் பிளேயர் ஒண்டு வாங்கித் தாறம். சும்மா போன் மாதிரி இல்லை, பெரிய ரகம். உங்கட ரெக்கோட் எல்லாம் அதுக்குள்ள போடலாம். நீங்களே தெரிவு செய்யுங்கோ."

கெஞ்சலாக வந்ததால் சந்தேகப்பட்டேன். மனைவி சாந்தினி குசினியிலிருந்து விஷயத்தை முடித்துவைத்தாள்.

"ரெக்கோட் எல்லாம் உள்ளுக்குப் போனாப்பிறகு அந்த அலுமாரி எனக்கு."

2

இசைத்தட்டுக்காரன் ஒருவனை டிஜிட்டல் பிளேயர் தெரிவு செய்யச் சொல்வது, மாட்டுவண்டிக்காரனைப் பிடித்து விமானம் வாங்க அனுப்புவதைப் போன்றது. அவன் முதலில் மாட்டை எங்கே கட்டுவது என்றுதான் பார்ப்பான்.

ஜனவரி, பெப்ரவரி முழுவதும் படித்தேன். உள்ளே இருக்கிற சிப் யாருடைய தயாரிப்பு, பற்றரி எத்தனை மணித்தியாலம் தாங்கும், சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் சக்கரம் உண்டா, இல்லாவிட்டால் கண்ணாடியைத் தடவ வேண்டுமா. எனக்குச் சக்கரம் வேண்டும். ஆபத்து நேரத்தில் விரல் தேடிப் போகக்கூடாது, தானாகப் போய் நிற்க வேண்டும்.

கடையில் பியோர்ன் என்ற தாடிக்கார இளைஞன் என்னைப் பொறுப்பேற்றான். முதல் நாள் நான்கு பிளேயர்களைக் கறுப்புத் துணியில் வரிசையாக வைத்தான். ஒன்று செங்கல் பாரம். ஒன்று தங்க நிறம், சாந்தினியின் தாலிக்கொடிக்குப் போட்டியாக இருந்தது. மூன்றாவதைத் தூக்கி, சக்கரத்தை இடப்பக்கம் முற்றாகத் திருப்பி, சத்தத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பிளேயரையே காதோடு வைத்துக் கேட்டேன்.

பியோர்ன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். "ஹெட்போன் இங்கே இருக்கிறது" என்றான்.

"தெரியும். சத்தம் இல்லாமல் என்ன கேட்கிறது என்று பார்க்கிறேன்."

"சத்தம் இல்லாவிட்டால் ஒன்றும் கேட்காது."

"அதுதான் குறை" என்றேன்.

பிறகு ஹெட்போனை மாட்டினேன். இடது காதில் மட்டும். வலது பக்கத்தைக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டேன். பியோர்ன் மெல்ல வந்து அதை எடுத்து என் வலது காதில் வைத்தான். நான் மறுபடி தள்ளினேன். இடமும் வலமும் தனித்தனியாக வருவதுதான் இந்தச் சாமானின் மகிமை என்றும், மேடையில் யார் எங்கே நிற்கிறார் என்பதுகூடத் தெரியும் என்றும் பொறுமையாக விளக்கினான். எனக்குக் கடை வாசலில் யார் நிற்கிறார் என்பது தெரிந்தால் போதும் என்று அவனுக்கு எப்படி விளக்குவது? மெதுவாகக் கேட்பவன் நான் என்று சொல்ல வந்து, சொல் தடுமாறி, ஒளித்திருந்து கேட்பவன் நான் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். சொன்னது பிழையும் இல்லை.

வீட்டிலும் இதே கதைதான். என் இசைத்தட்டுச் சுழலிக்கு இரண்டு ஸ்பீக்கர். வலது ஸ்பீக்கர் பக்கத்து வீட்டுச் சுவரோடு இருப்பதால் அதன் வயரைக் கழற்றிவிட்டேன். இடதை, கேத்தலில் தண்ணீர் கொதிப்பதைவிடக் குறைந்த சத்தத்தில் வைத்திருப்பேன். தமிழ்ப் பாட்டு இந்த வீட்டுச் சுவரைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை. பக்கத்து வீட்டுக் கிழவருக்குக் காதே கேட்காது என்பதைச் சாந்தினி பல முறை ஞாபகப்படுத்திவிட்டாள்.

3

எண்பத்து மூன்று ஆடியில் நாங்கள் கண்டியில், பேராதனை வீதியிலிருந்து உள்ளே போகிற ஓர் ஒழுங்கையில் இருந்தோம். அப்பா பேராதனைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை. யாழ்ப்பாணத்து மனிதர். சம்பளத்தில் பாதி வாடகைக்கும் மீதி இசைத்தட்டுக்கும் என்று அம்மா முறைப்படுவார். எனக்குப் பதினைந்து நடந்துகொண்டிருந்தது.

பின் மதிலுக்கு அந்தப் பக்கம் பளீல் நானா இருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவது. அப்போதுதான் கலியாணம் முடித்திருந்தார், மனைவி பெயர் மைமூனா. புடைவைக் கடை ஒன்றில் வேலை. பாட்டுப் பைத்தியத்தில் அப்பாவுக்குச் சளைத்தவர் அல்ல. அவரிடம் சுழலி இருந்தது, இசைத்தட்டு இல்லை. அப்பாவிடம் இரண்டும் இருந்தன. ஆகவே மதிலுக்கு மேலால் தட்டுகள் போய் வரும்.

தமிழர் கடைகள் எரிந்து டவுன் பக்கம் புகை எழும்பிய அன்று பகலில் எங்களையும் மதிலுக்கு மேலால்தான் ஏற்றி எடுத்தார். அம்மா, அப்பா, நான். உள்ளே போய் மூச்சு வந்த பிறகுதான் அப்பாவுக்கு ஞாபகம் வந்தது.

"பளீல், அலுமாரிக்கு மேலே பெட்டி. எல்லாக் கடதாசியும் அதுக்குள்ள."

பளீல் நானா திரும்பி மதில் பாய்ந்தார். ஒழுங்கை முனையில் அப்போது ஆட்கள் வந்துவிட்டார்கள். அலுமாரிக்கு மேலே இரண்டு பெட்டி இருந்தன. ஒன்று தகரம், ஒன்று பலகை. ஒன்றைத்தான் தூக்கலாம். இரண்டையும் அசைத்துப் பார்த்தாராம். பாரமானதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

திறந்தால் சங்கக்கடை வரிசையில் ஆட்கள் நிற்பது மாதிரி நெருங்கி நின்றன இசைத்தட்டுகள்.

பளீல் நானா முகம் வெளிறிவிட்டது. "எது பாரமோ அதுதானே சொத்து எண்டு நெனச்சேன் ஐயா" என்றார்.

அதற்குள் எங்கள் வீட்டுப் பக்கமிருந்து ஓடு வெடிக்கிற சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. அப்பா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தட்டாக விரலால் தொட்டார்.

"சரி. ஒண்டும் உடையேல்லைத்தானே" என்றார்.

எங்கள் யாழ்ப்பாணத்துக் காணியின் உறுதிப் பத்திரம், அப்பாவின் நியமனக் கடிதம், அம்மாவின் சான்றிதழ்கள், நான் ஓகஸ்டில் பிறந்ததற்கு இருந்த ஒரே ஆதாரம் எல்லாம் தகரப் பெட்டியோடு போயின.

4

ஊரடங்கில் பளீல் நானாவின் பின் அறையில் இருந்தோம். யன்னல் சாத்தி, திரை இழுத்து. பகலில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பயப்படலாம், அதையும் எவ்வளவு நேரம் செய்வது? இரண்டாம் நாள் பின்னேரம் பளீல் நானா சுழலியைத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் வைத்தார்.

அம்மா பதறிவிட்டார். "உங்களுக்கு விசரோ தம்பி? தமிழ்ப் பாட்டுச் சத்தம் வெளியில போனால்?"

"சத்தம் போகாதும்மா" என்று சொல்லி, சத்தத்துக்கான குமிழை முற்றாகத் திருப்பி மூடிவிட்டு ஊசியைத் தட்டில் வைத்தார்.

இசைத்தட்டோடு வாழ்ந்தவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும் ஊசி தானே பாடும். தட்டின் கோட்டில் அது ஓடும்போது ஒரு மெல்லிய சத்தம் எழும்பும், போத்தலுக்குள் நுளம்பு அகப்பட்டு ரீங்கரிக்கிற மாதிரி. காதைக் கிட்டக் கொண்டுபோனால் அந்த நுளம்புக்குச் சொற்கள் உண்டு என்பது தெரியும். இன்னும் குனிந்தால் ராகமும் தெரியும்.

அப்பா, பளீல் நானா, நான் மூன்று பேரும் தரையில் முழங்கால் குத்தி, தலையோடு தலை முட்ட, கன்னத்தைச் சுழலிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டோம். ஒரு காது ஊசிக்கு, ஒரு காது கேற்றுக்கு. ஊசியின் சத்தம் அவ்வளவு சின்னது என்பதால் வாசல் கேற்றுக்கு வெளியே ஒழுங்கையில் செருப்புச் சத்தம் வந்தாலும் கேட்கும். யன்னல் திரைக்குப் பின்னால் மைமூனா காவல். அவர் கையை உயர்த்தினால் பளீல் நானா ஊசியைத் தூக்குவார். கையை இறக்கினால் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பிறகு முகாம், பிறகு யாழ்ப்பாணம், பிறகு யுத்தம், பிறகு நான் இங்கே. பெட்டி பளீல் நானாவிடமே இருந்தது. அவர் கண்டிக்குக் கிட்ட இருக்கிற திகனைக்குப் போய்ச் சொந்தமாக ஒரு ஹாட்வெயார் கடை போட்டார், கீழே கடை, மேலே வீடு. சமாதான காலத்தில் போனபோது பாதித் தட்டுகளைக் கொண்டுவந்தேன், விமானத்தில் விட்ட பாரம் அவ்வளவுதான். மீதி அவருடைய அலுமாரிக்கு மேலே. ஒவ்வொரு பெருநாளுக்கும் போன் எடுத்து, "பெட்டி மாத்தி தூக்கின நானாவோ கதைக்கிறது?" என்றுதான் தொடங்குவேன். "அட, விடமாட்டீங்களே" என்பார்.

5

மார்ச் மாதம் பியோர்னின் கடையில் செங்கல் பிளேயரை ஒற்றைக் காதால் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பைக்குள் போன் துடித்தது. கண்டியிலிருந்து வந்து ஒஸ்லோவில் இருக்கிற நண்பன். திகனையில் கலவரம், முஸ்லிம்களின் கடைகள் எரிகின்றன என்றான்.

ஹெட்போனைக் கழற்றி பியோர்னின் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பளீல் நானாவுக்கு எடுத்தேன், மணி அடிக்கவில்லை. வட்ஸ்அப், வைபர் ஒன்றும் போகவில்லை. எல்லாவற்றையும் அரசாங்கம் மறித்துவிட்டதாகப் பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு நான் செய்தவற்றை மானமுள்ளவன் எழுதமாட்டான். வீட்டுக்கு வந்து பட்டப்பகலில் திரைச்சீலைகளை இழுத்து மூடினேன். சாந்தினி வேலையால் வந்து பார்த்தபோது, கடவுச்சீட்டுகள், வீட்டு உறுதி, அபியின் பாடசாலைச் சான்றிதழ்கள், மின்சாரப் பில் உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் கதவடியில் வைத்திருந்தேன்.

"என்னப்பா இது?"

"திகனையில பிரச்சினை."

"திகனைக்கும் பேர்கனுக்கும் எவ்வளவு தூரம் எண்டு தெரியுமோ? அவங்கள் இஞ்ச வாறதெண்டால் விசா எடுக்க வேணும். நாங்களே பட்ட பாடு தெரியும்தானே."

சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. பக்கத்தில் இருந்து, என் போனை வாங்கி, அவளே திரும்பத் திரும்ப எடுத்தாள். அபி தன் அறையிலிருந்து வந்து நொர்வேஜியச் செய்திகளில் தேடினாள். ஒரு வரி இருந்தது, அதில் ஊர்ப் பெயர்கூட இல்லை. "இதுதானா அப்பா? இவ்வளவுதானா?" என்றாள். அன்று அவள் கோபம் தமிழில் வந்தது.

மூன்றாம் நாள் காலை மணி அடித்தது. தெரியாத இலக்கம், இலங்கையிலிருந்து.

"தம்பி." குரல் தணிந்திருந்தது. "சத்தமாப் பேச ஏலாது. பக்கத்து சிங்கள வீட்டு மெனிக்கே அக்காட போன். அவங்கட குசினில ஈக்கிறோம்."

"எல்லாரும் சுகமோ நானா?"

"ஆக்கள் ஈக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ். கடை போய்ட்டு. மேல் வீடும் போய்ட்டு. மதில் பாய்ஞ்சோம். அண்டைக்கு ஒங்கள ஏத்தினேனே, இண்டைக்கு மெனிக்கே அக்கா ஏணி வெச்சி எங்கள ஏத்தினாங்க. எனக்கி முழங்கால் மடங்கல்ல. மைமூனா எனக்கி முன்னுக்கே பாய்ஞ்சிட்டா."

பின்னால் மைமூனா ஏதோ திருத்தம் சொன்னார். பாயவில்லை, இவர் தள்ளினார் என்பது போல.

"தம்பி, ஒண்டு செல்லணும். கோவிச்சிக்க வாணாம்."

"சொல்லுங்கோ நானா."

"ஒங்கட ரெக்கோட் பெட்டிய எடுக்கல்ல. அலுமாரிக்கு மேல ரெண்டு பெட்டியும் இருந்திச்சி. முப்பத்தஞ்சு வருசமா என்னப் பகிடி பண்ணினீங்களே, அது மண்டைக்குள்ள வந்திட்டு. இந்த முறை பாரமில்லாததத் தூக்கினேன். காணி உறுதி, பிள்ளைகள்ட சேட்டிபிக்கட், எல்லாம் ஈக்கிது. பாட்டுத்தான் போய்ட்டு."

பகிடி பண்ணத் தெரிந்தவனுக்கு இப்படியான நேரத்தில் வேறொன்றும் பண்ணத் தெரியாது.

"இப்பத்தான் நானா சரியான பெட்டி தூக்கிப் பழகியிருக்கிறியள்."

அந்தப் பக்கம் மெல்லச் சிரித்தார்.

"சரியான பெட்டிதான் தம்பி. ஆனா இஞ்ச பகலெல்லாம் சும்மா குந்திட்டு ஈக்கிறோம். அண்டைக்கு ஒங்களுக்கு கடதாசி இல்ல, பாட்டு இருந்திச்சி. எங்களுக்கு கடதாசி ஈக்கிது. கடதாசிய எப்பிடித் தம்பி கேக்குற?"

6

ஊரடங்கு எடுத்து, பளீல் நானா குடும்பம் கண்டி டவுனில் மைமூனாவின் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, நான் பியோர்னிடம் திரும்பினேன்.

"முடிவெடுத்துவிட்டீர்களா?" என்றான். இரண்டு மாதமாகக் கேட்கிற கேள்வி, அவனுக்கே நம்பிக்கை இல்லை.

"எது சட்டைப்பைக்குள் போகும்?"

செங்கலும் தங்கமும் மேசையிலிருந்து போயின. இரண்டு மிஞ்சின.

"மதிலிலிருந்து குதித்தால் எது உடையாது?"

பியோர்ன் தாடியைத் தடவினான். மலை ஏறுகிறவர்கள் இதை வாங்குவார்கள் என்று சாம்பல் நிறத்தில் ஒன்றைத் தள்ளினான். சக்கரம் இருந்தது. என் பெருவிரல் அதில் தானாகப் போய் நின்றது.

"பாட்டுத் தவிர வேறு கோப்புகளும் இதற்குள் வைக்கலாமா? கடதாசிகளின் படம் மாதிரி?"

"வைக்கலாம். நினைவட்டையில் நிறைய இடம் இருக்கிறது. ஆனால் ஏன் பாட்டுப்பெட்டிக்குள்..."

"எங்கள் ஊரில் இரண்டு பெட்டி வைத்தால் குழப்பம் வரும்" என்றேன். இந்த முறை என் நொர்வேஜிய மொழியில் ஒரு பிழையும் இருக்கவில்லை. ஆனாலும் அவனுக்கு விளங்கவில்லை.

வீட்டில் வேலை தொடங்கியது. என்னிடமிருந்த பாதித் தட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பதிந்தோம். அபி கணினியைப் பார்த்துக்கொண்டாள். கீறல் சத்தங்களை அகற்றவா என்று கேட்டாள், தொடவேண்டாம் என்றேன். பளீல் நானாவின் மகன் காணி உறுதி, சான்றிதழ்கள் எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பினான். அவையும் உள்ளே போயின. விடுமுறைக்கு ஊருக்குப் போன ஒஸ்லோ நண்பன் கையில் பிளேயரைப் பளீல் நானாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

"அப்ப உங்கட ஐம்பதாம் பிறந்தநாள் பரிசு?" என்றாள் சாந்தினி.

"எனக்குப் பிறந்தநாள் ஓகஸ்டிலதானே."

"அலுமாரியும் எனக்கு வராது."

"வராது."

அவள் போய் அலுமாரியைத் திறந்தாள். அலுமாரியின் ஒரு தட்டில் இருந்த என் பழைய சஞ்சிகைகளை மட்டும் எடுத்து வெளியே வைத்து, தன் புடைவைகளை அடுக்கினாள். இப்போது இசைத்தட்டுகளில் கற்பூர உருண்டை வாசம்.

7

போன ஞாயிறு பளீல் நானா எடுத்தார். கடையைத் திருப்பிக் கட்டத் தொடங்கிவிட்டார், இன்னும் கூரை போடவில்லை.

"தம்பி, சாமான் வந்திச்சி. கையில எடுத்துப் பார்த்தேன், பாரமே இல்லியே! இது சொத்தா?"

"அசைச்சுப் பாருங்கோ நானா, உள்ளுக்குக் காணி குலுங்கும்."

சிரித்தார். பழைய சிரிப்பு, சத்தமானது.

"கேட்டேன். முதல்ல ஒரு காதுலதான் போட்டேன். ஒங்களுக்குத் தெரியும்தானே நம்மட பழக்கம். மைமூனா பார்த்திட்டு, 'நான் கேற்றடியில நிக்கிறேன், நீங்க ரெண்டு காதுலயும் போட்டுக் கேளுங்க' எண்டு செல்லிட்டு வாசல்ல போய் நிண்டா. முழுத் தட்டும் முடியும் மட்டும் நிண்டா. தம்பி, ரெண்டாம் பாட்டுல வலது பக்கம் ஒரு புல்லாங்குழல் வருதே, அது எப்பிடி! ஒங்கட வாப்பா ஈந்திருந்தா..."

"ஓம் நானா, நல்ல புல்லாங்குழல்" என்றேன்.

பொய். அந்தப் பாட்டில் புல்லாங்குழல் இருப்பது எனக்குத் தெரியாது.

போனை வைத்துவிட்டு அந்தத் தட்டை எடுத்தேன். எழுபதுகளின் கடைசியில் வந்தது, அப்பாவின் விரல் பட்டது. சுழலியில் வைத்தேன். ஹெட்போனைச் செருகினேன். இடது காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

சாந்தினி குசினியில் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். பளீல் நானா பேசியது அவளுக்கும் கேட்டிருந்தது. கத்தியை வைத்தாள், கையைத் துடைத்தாள், போய் வாசற்கதவடியில் கைகட்டி நின்றாள். இங்கே கேற் கிடையாது. கதவுக்கு வெளியே மழை, அதற்கப்பால் காது கேளாத ஒரு கிழவர்.

"கேளுங்கோ. ஒருத்தரும் வரேல்லை" என்றாள்.

வலது காதிலும் மாட்டினேன். ஊசியை இறக்கினேன்.

இரண்டாம் பாட்டில், பல்லவி முடிந்த இடத்தில், வலது பக்கமிருந்து அது வந்தது.